48 வயதில் மறுபடியும் ரோடு ரேஸ்: ஓய்வையும் பயிற்சிக் கணக்கில் எழுதுங்கள்

கேள்வி: எனக்கு 48 வயது. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி நடத்துகிறேன். கல்லூரி நாட்களில் பல்கலைக்கழக அணிக்காக ரோடு ரேஸ் ஓட்டியவன். வேலை, கல்யாணம், கம்பெனி என்று இருபது வருடத்துக்கு மேல் சைக்கிளைத் தொடவில்லை. எட்டு மாதத்துக்கு முன் கார்பன் சைக்கிள் வாங்கி மறுபடி ஆரம்பித்தேன். உயரம் 171 செ.மீ., எடை 82 கிலோ. பிரஷருக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறேன். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. அப்பாவுக்கு 54 வயதில் ஸ்டென்ட் வைத்தார்கள். வாரம் ஐந்து நாள் காலை நாலரை மணிக்கு எழுந்து பல்லடம், உடுமலைப் பக்கம் முடிந்தவரை வேகமாக ஓட்டுகிறேன். முதல் நான்கு மாதம் வேகம் நன்றாக ஏறியது. அப்புறம் நின்றுவிட்டது. 20 நிமிடம் முழு பலத்தில் ஓட்டும் டெஸ்டில் பெடலில் கொடுக்கும் சக்தி சராசரி 220 வாட்டைத் தாண்ட முடியவில்லை. வலது முழங்கால் முன்பக்கம் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குரூப் ரைடில் கடைசி பத்து கிலோமீட்டரில் கூட்டத்தோடு போக முடியாமல் டிராப் ஆகிவிடுகிறேன். இன்னும் ஏழு மாதத்தில், ஜனவரியில், மாஸ்டர்ஸ் என்கிற மூத்த வயதினர் பிரிவில் ஒரு ரோடு ரேஸ் ஓட்ட ஆசை. மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். எனக்கு வயது கடந்துவிட்டதா?

பதில்:

கடக்கவில்லை. நீங்கள் போட்டியில் ஓட்டலாம், நன்றாகவே ஓட்டலாம். ஆனால் இப்போது ஓட்டுகிற மாதிரி இன்னும் ஏழு மாதம் ஓட்டினால் ஜனவரியில் போட்டிக்குப் போகமாட்டீர்கள், எலும்பு டாக்டரிடம்தான் போவீர்கள். அதற்கும் முன்னால் இதய டாக்டரிடம் போக வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்டு வைத்த இடம் அப்பாவின் ஸ்டென்ட். அப்பாவுக்கோ கூடப் பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன் மாரடைப்பு, ரத்தக்குழாய் அடைப்பு என்று வந்திருந்தால், அதைக் குடும்ப வழியில் சீக்கிரமே வரும் இதய நோய் என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். அம்மா, சகோதரி என்றால் அந்த எல்லை 65. நம் நாட்டவர்களுக்கு மேலை நாட்டவரைவிடச் சில ஆண்டுகள் முன்பே இந்த நோய் வருகிறது என்பதும் தெரிந்த விஷயம். இதோடு பிரஷரும் எல்லையில் நிற்கும் சர்க்கரையும் சேர்ந்தால், 'எனக்கு நெஞ்சு வலி எதுவும் இல்லையே' என்பது போதுமான பதில் ஆகாது.

என்ன பார்க்க வேண்டும்? இசிஜி, எக்கோ, ட்ரெட்மில் டெஸ்ட் மூன்றும் பெரும்பாலும் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பிலேயே வந்துவிடும். ஆனால் ட்ரெட்மில் டெஸ்டுக்கு ஒரு எல்லை உண்டு. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குப் பெரிய அடைப்பு இருந்தால் அது காட்டும். குழாயின் சுவரில் படிந்திருக்கும் சின்னப் படிவுகள் அதில் தெரியாது. திடீர் மாரடைப்பு பல நேரம் அந்தச் சின்னப் படிவு வெடிப்பதால்தான் வருகிறது. அதனால் உங்கள் நிலையில் இருப்பவருக்கு அந்தப் படிவில் உள்ள கால்சியத்தை அளக்கும் கரோனரி கால்சியம் ஸ்கோர் என்ற சிடி ஸ்கேன் பற்றி இதய மருத்துவரிடம் பேசச் சொல்வேன். ஊசி இல்லை, மருந்து ஏற்றுவது இல்லை, சில நிமிட வேலை. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ராலோடு லிப்போபுரோட்டீன் ஏ என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தாலே பொதுவாகப் போதும். ஸ்கோர் கூடுதலாக வந்தால் சைக்கிளைத் தூக்கிப் பரணில் போடச் சொல்லிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் கொலஸ்ட்ரால் மாத்திரை, எல்டிஎல்லுக்குக் கடுமையான இலக்கு, எவ்வளவு முடுக்கலாம் என்ற அளவு என்றுதான் முடியும்.

இதை எல்லாம் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவருக்கு இதய ஆபத்து குறைகிறது. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று உச்சத்துக்கு முடுக்கும்போதுதான் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஆபத்து கூடுகிறது. நீங்கள் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள் என்பது நல்லது. இருந்தாலும் ஓட்டும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, படபடப்பு, தலைசுற்றல், வழக்கமான ஏற்றத்தில் வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு என்று எது வந்தாலும் அங்கேயே இறங்கிவிடுங்கள். 'வாயுவாக இருக்கும்' என்று சோடா குடித்துவிட்டு மிச்சத் தூரத்தையும் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் நம்மிடையே அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோடும், விட்ட உடனேயும் முடுக்கி ஓட்டக் கூடாது. வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொடும்.

பல வருடம் நீண்ட தூரப் போட்டியிலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்வீடனில் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியை முடித்த 50,000 பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2013-இல் வந்தது. அதிகப் போட்டிகள் ஓடியவர்களுக்கும் அதிவேகமாக முடித்தவர்களுக்கும் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் பிரச்சினை கூடுதலாக இருந்தது. உங்களை இப்போது தடுக்க இதைச் சொல்லவில்லை. கையில் கட்டியிருக்கும் வாட்ச் சும்மா உட்கார்ந்திருக்கும்போது தாறுமாறான துடிப்பைக் காட்டினால், வாட்ச் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாமல் இசிஜி எடுங்கள்.

சரி, இதயம் பச்சைக்கொடி காட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வேகம் ஏன் நின்றது, முழங்கால் ஏன் வலிக்கிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: போதிய ஓய்வில்லாமல் முடுக்குவது.

மறுபடி பயிற்சி தொடங்கும்போது உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் திரும்பி வருவதில்லை. ரத்தத்தின் அளவு ஓரிரு வாரத்திலேயே கூடும். இதயமும் நுரையீரலும் சில மாதத்தில் நன்றாகவே தேறிவிடும். பழைய விளையாட்டு வீரருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பெடல் போடும் பழக்கமும் கஷ்டத்தைத் தாங்கும் மனமும் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பலப்படும், அதற்குப் பல மாதங்கள் வேண்டும். மூச்சு தயார், கால் தசை தயார், முழங்கால் சில்லைப் பிடித்திருக்கும் நாண் மட்டும் தயார் இல்லை என்ற நிலைமை நாலாவது, ஐந்தாவது மாதத்தில் வரும். உங்களுக்கு வலி வந்ததும் அப்போதாகத்தான் இருக்கும். முதல் முறையாக சைக்கிள் ஓட்டுகிறவர் மூச்சு வாங்குவதாலேயே தன்னைக் காப்பாற்றிக்கொள்வார். உங்களைப் போல ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அடுத்தது வயது. விஓ2 மேக்ஸ், அதாவது உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு, 30 வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. விடாமல் கடினப் பயிற்சி செய்கிறவர்களுக்கு ஏறக்குறைய அதில் பாதிதான் குறைகிறது. உச்ச இதயத் துடிப்பு பயிற்சி செய்தாலும் குறையும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்கில் உங்களுக்குச் சுமார் 174 வரும். ஆளுக்கு ஆள் பத்துக்கு மேல்கூட வித்தியாசப்படும், அதனால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். இந்த எண்களைவிட உங்களைப் பாதிக்கப்போவது வேறொன்று: கடினமாக ஒரு நாள் ஓட்டிய பிறகு தசை பழுது பார்த்துக்கொள்ள எடுக்கும் நேரம் கூடிவிட்டது. 22 வயதில் செவ்வாய் அடித்து ஓட்டியவர் வியாழன் தயாராகிவிடுவார். இப்போது வெள்ளி, சில வாரம் சனி ஆகும். நீங்கள் வாரம் ஐந்து நாளும் அடித்து ஓட்டுகிறீர்கள். எந்த நாளின் பலனும் உடம்பில் சேர்வதற்குள் அடுத்த நாள் வந்துவிடுகிறது. எட்டு மாதமாக நீங்கள் முழு வேகத்தில் ஓட்டவும் இல்லை, ஓய்வெடுக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரான்ஸில் ரொபேர் மர்ஷான் என்று ஒருவர் இருந்தார். இளம் வயதில் ஓட்டிவிட்டுப் பல பத்தாண்டுகள் விட்டிருந்தவர், 67 வயதில் மறுபடி சைக்கிளுக்குத் திரும்பினார். 100 வயதைத் தாண்டி, 2012-இல் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்குப் பிறகு விஞ்ஞானிகள் அவருக்குப் பயிற்சித் திட்டம் போட்டார்கள். வருடத்துக்கு 5,000 கிலோமீட்டர். அதில் 80 சதவீதம் இலேசாக, 20 சதவீதம் கடினமாக. 2014-இல், 102 வயதில், அதே ஒரு மணி நேரத்தில் 26.9 கிலோமீட்டர் ஓட்டினார். அவருடைய விஓ2 மேக்ஸ் 31-இலிருந்து 35-க்கு ஏறியிருந்தது. நூறைத் தாண்டிய உடம்பே பயிற்சிக்கு இசைந்தது என்றால் 48-இல் நம்பிக்கை இழக்க ஒரு காரணமும் இல்லை. நீங்கள் அதில் பார்க்க வேண்டியது அந்த 80 சதவீதத்தை. உலகின் சிறந்த நீண்ட தூர வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதே பங்கீட்டைத்தான் கண்டார்கள்.

ஆகவே முதல் இரண்டு வாரம் முழங்காலுக்காக அடக்கி வாசியுங்கள். சமதளம், சின்ன கியர், முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். பிறகு ஆகஸ்ட் கடைசி வரை எல்லா ரைடும் இலேசாக. இலேசு என்றால் என்ன? கூட வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். உங்கள் மாத்திரையில் பீட்டா பிளாக்கர் இல்லாததால் இதயத் துடிப்பையும் ஓரளவு நம்பலாம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு குறைத்துக் காட்டும். வாரம் நான்கு நாள், மொத்தம் ஏழு, எட்டு மணி நேரம், ஞாயிறு மட்டும் மூன்று மணி நேரம். முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். மொபட்டில் போகிறவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு போவார்கள். தாங்கிக்கொள்ளுங்கள். அதே துடிப்பில் வேகம் மெதுவாக ஏறுவதை இரண்டாவது மாதக் கடைசியில் பார்ப்பீர்கள்.

செப்டம்பரிலிருந்து கடினமான நாட்களைச் சேர்க்கலாம். நான்கு நிமிடம் கடினமாக, மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. கொஞ்சம் பழகிய பிறகு எட்டு நிமிடம் வீதம் நான்கு முறை. ஒரு கடின நாளுக்கும் அடுத்ததற்கும் நடுவே குறைந்தது இரண்டு இலேசான நாட்கள். இது ஏழு நாள் வாரத்துக்குள் அடங்காமல் போகலாம். ஒன்பது, பத்து நாளை ஒரு சுற்றாக வைத்துக்கொள்வது இந்த வயதில் எளிது. மூன்றாவது வாரம் வரும்போதெல்லாம் அளவைப் பாதியாகக் குறையுங்கள். ஞாயிறு குரூப் ரைடை அடித்து ஓட்டினால் அதுவும் ஒரு கடின நாள்தான், கணக்கில் எழுதுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள்ளேயே ட்ரெயினர் என்கிற ஸ்டாண்டில் சைக்கிளை மாட்டி ஓட்டலாம், முன்னால் பெரிய ஃபேன் ஒன்றை வைத்துக்கொண்டு.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். நாலரை மணிக்கு எழுகிறீர்கள், சரி, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? ஷிப்மென்ட் நேரத்தில் திருப்பூரில் கம்பெனி நடத்துகிறவர்கள் பதினொன்றரைக்கு முன் போனைக் கீழே வைப்பதில்லை. ஐந்து மணி நேரத் தூக்கத்தில் எந்தப் பயிற்சியும் உடம்பில் ஒட்டாது. தசை பழுது பார்க்கப்படுவது தூக்கத்தில்தான். தூக்கம் குறைந்தால் சர்க்கரையும் பிரஷரும் கூடும். இந்தப் பதிலில் ஒரே ஒரு வரியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்: இரவு லேட்டாகிவிட்டால் காலை ரைடை வெட்டுங்கள், தூக்கத்தை வெட்டாதீர்கள். எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பைப் பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு கூடுதலாக இருந்தால் அன்று கடினப் பயிற்சி கிடையாது, திட்டத்தில் என்ன எழுதியிருந்தாலும்.

சாப்பாட்டுக்கு வருவோம். வயது கூடக் கூட, அதே அளவு புரதத்துக்குத் தசை காட்டும் பதில் மந்தமாகிறது. கடினப் பயிற்சி செய்யும் உங்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 130 கிராம் புரதம் வேண்டும். அதை இரவுக்கு மட்டும் குவிக்காமல் வேளைக்கு 30 கிராமுக்கு மேல் வருமாறு பிரிக்க வேண்டும். நம் காலைச் சாப்பாடு இங்கேதான் தோற்கிறது. நான்கு இட்லியும் சாம்பாரும் சேர்த்தாலும் 12, 15 கிராம்தான் தேறும். கூட மூன்று முட்டை சேர்த்தால் கணக்கு சரியாகிவிடும். சைவம் என்றால் பன்னீர், சோயா, ஒரு பெரிய கிண்ணம் சுண்டல், தயிர் என்று கூட்டிக்கொள்ளுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்பதைக் கிரியேட்டினின் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். பிரஷர் உள்ளவர்களுக்கு இது அவசியம்.

சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்று பலர் வெறும் வயிற்றில் மூன்று மணி நேரம் ஓட்டுகிறார்கள். அது தவறு. வேலை செய்யும் தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட ரைடில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை பிழிந்துகொண்டால் கடையில் விற்கும் பானத்துக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அதைக் குடிக்காதீர்கள். கடைசி பத்து கிலோமீட்டரில் நீங்கள் டிராப் ஆவதற்குப் பாதிக் காரணம் இந்தப் பசியாகக்கூட இருக்கலாம்.

எடையை அவசரமாகக் குறைக்க வேண்டாம். வாரத்துக்குக் கால் கிலோ போதும். ஜனவரிக்குள் ஏழு கிலோ குறைந்துவிடும். 20 நிமிட டெஸ்டின் 95 சதவீதத்தை ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய சக்தி என்று கணக்கிடுவார்கள். உங்கள் 220 வாட்டில் அது 209 வாட். இன்றைய எடையில் கிலோவுக்கு 2.55. அதே 209 வாட்டை 75 கிலோ உடம்பில் வைத்தால் 2.8 ஆகிவிடும், ஒரு வாட் கூட்டாமலே. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும் 33 கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 200 வாட்டில் ஏறுகிறவருக்கு ஏழு கிலோ குறைந்தால் எட்டு நிமிடம் மிச்சம். இதைப் பார்த்துவிட்டுப் பட்டினி கிடக்கத் தோன்றும். பட்டினியில் கொழுப்போடு சேர்ந்து நீங்கள் காப்பாற்ற நினைக்கும் தசையும் கரையும்.

எலும்பையும் சொல்லியாக வேண்டும். சைக்கிளில் உடல் எடையை சீட் தாங்கிவிடுவதால் எலும்புக்கு வேலை இல்லை. பல வருடம் சைக்கிள் மட்டுமே ஓட்டியவர்களின் முதுகெலும்பில் அடர்த்தி குறைவாக இருப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அதனால் வாரம் இரண்டு நாள் ஜிம். ஸ்குவாட், டெட்லிஃப்ட், படி ஏறும் பயிற்சி; முதலில் எடை இல்லாமல் முறையைக் கற்றுக்கொண்டு, பிறகு எட்டு தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை வரை மெதுவாகப் போகலாம். முழங்கால் நாணுக்கும் இதுதான் வைத்தியம். வைட்டமின் டி அளவையும் பார்த்துவிடுங்கள். வெயில் கொட்டும் ஊரில் இருந்தும் நம்மில் நிறையப் பேருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது.

முன்பக்க முழங்கால் வலிக்கு சைக்கிளையும் பார்க்க வேண்டும். சீட் தாழ்வாக இருப்பதும் பெரிய கியரை மெதுவாக அழுத்துவதும்தான் வழக்கமான காரணங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் வருகிறதா என்று பக்கவாட்டில் வீடியோ எடுத்துப் பாருங்கள். சமதளத்தில் நிமிடத்துக்கு 85, 90 சுற்று பழகுங்கள். உங்கள் தலைமுறை முன்னால் 52, 42 பல், பின்னால் 23 பல் என்று மலை ஏறியது. இன்று முன்னால் 34, பின்னால் 34 என்று கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்துங்கள், 48 வயது இடுப்பு அதைக் கேட்கும். டயர் 28 மில்லிமீட்டர் போட்டு, காற்றைப் பழைய காலத்து அளவைவிடக் குறைத்து வையுங்கள். நம் ரோட்டில் கைக்கும் முதுகுக்கும் பெரிய நிம்மதி. ஆண்கள் வெளியே சொல்லத் தயங்குகிற ஒன்று: ஓட்டும்போது தொடை இடுக்கில் மரத்துப் போவது சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாது. நடுவில் பள்ளம் உள்ள சீட், சரியான சாய்வு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஓட்டுவது இவற்றில் சரியாகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஹெல்த் செக்கப்பில் புராஸ்டேட் சுரப்பிக்கான பிஎஸ்ஏ பரிசோதனை இருந்தால், அதற்கு முந்தைய இரண்டு நாள் சைக்கிள் ஓட்ட வேண்டாம், எண் பொய்யாக ஏறும்.

உங்கள் மாத்திரை பற்றி ஒரு முக்கியமான விஷயம். ஹைட்ரோகுளோரோதயசைடு சிறுநீரைக் கூட்டும் மருந்து. உலக ஊக்கமருந்துத் தடுப்புப் பட்டியலில் இந்த வகை மருந்துகள் எல்லாக் காலத்திலும் தடை செய்யப்பட்டவை. வேறு மருந்தின் தடயத்தை மறைக்க உதவும் என்பதால். பிரஷருக்காகச் சாப்பிட்டேன் என்று பிறகு சொன்னால் மட்டும் போதாது. டெல்மிசார்டான் தனியாக இருந்தால் தடை இல்லை. அதோடு குளோர்தாலிடோன் என்ற இதே வகை மருந்து சேர்ந்ததும் தடைதான், அதையும் கவனியுங்கள். விதியை விட்டாலும், வியர்த்துக் கொட்டும் ஊரில் தண்ணீரையும் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும் மாத்திரையோடு மூன்று மணி நேரம் ஓட்டுவது நல்லதில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் போட்டி பற்றிச் சொல்லி மாற்று கேளுங்கள். மாற்று இல்லை என்றால் மருத்துவக் காரணத்துக்கான விலக்குக்கு விண்ணப்பிக்கும் முறை இருக்கிறது. முதுகு வலிக்கு யாராவது டிராமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், 2024 முதல் போட்டி நேரத்தில் அதற்கும் தடை. ஜிம்மில் 'தெம்புக்கு' என்று தரும் லேபிள் இல்லாத பொடிகளைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் மனைவி. அவர் பயம் நியாயமானது. அவர் பயத்தை வாதாடிப் போக்க முடியாது, நீங்கள் சில வேலைகளைச் செய்து காட்டினால்தான் குறையும். இதயப் பரிசோதனைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் சொல்வதை அவரே கேட்கட்டும். இருட்டில் லாரி ஓடும் ரோட்டில் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஆறு மணிக்கு வெளிச்சம் வந்த பிறகு கிளைச் சாலைகளில் ஓட்டலாம், தூக்கமும் ஒன்றரை மணி நேரம் கூடும். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு எரியட்டும். லைவ் லொகேஷனை அவருக்கு அனுப்பி வையுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் போட்டி விளையாட்டுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி உங்களை நம்பி ஓடுகிறது, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் இது சம்பந்தப்பட்டதுதான்.

ஜனவரி கேள்விக்கு என் தீர்ப்பு: கூட்டமாகக் கிளம்பும் ரோடு ரேஸ் இந்த ஜனவரியில் வேண்டாம். உங்கள் நுரையீரலுக்காக இதைச் சொல்லவில்லை. முன்னால் போகிறவரின் சக்கரத்துக்கு ஓரடி பின்னால், நாற்பது கிலோமீட்டர் வேகத்தில், தோள் உரச ஓட்டுவது ஒரு கைத்திறன். அது இருபது வருடத்தில் மங்கியிருக்கும். கண்ணும் மாறியிருக்கும்; சைக்கிள் கம்ப்யூட்டரில் எண் தெரியாமல் தலையைக் குனிந்து பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் சக்கரம் சக்கரத்தில் தட்டும். திரையில் மூன்றே எண்களைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தால் சைக்கிள்காரருக்கு வழக்கமாக உடைவது காரை எலும்பு. 22-இல் அது ஒரு கதை, 48-இல் அது மூன்று மாதம் கம்பெனிக்கு ஆளில்லை.

அந்தத் திறனைத் திரும்பப் பெற உங்களுக்கு நல்ல இடம் வாய்த்திருக்கிறது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும், காற்றாலைகள் அங்கே நிற்பதே அதனால்தான். அந்தப் பக்கக் காற்றில் நான்கைந்து பேர் சாய்வு வரிசையாக, மாறி மாறி முன்னால் வந்து, மெதுவான வேகத்தில் பழகுங்கள். வேகம் கூடக் கூட சமதளத்தில் உங்கள் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கவே போகிறது. அடுத்தவர் பின்னால் சரியாக ஒண்டிக்கொள்ளத் தெரிந்தால் கால்வாசிக்கு மேல் மிச்சமாகும். ஞாயிறு குரூப்பில் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். காற்று படும் ஓரத்தில் ஓட்டிக்கொண்டு, கடைசியில் டிராப் ஆவதற்கு வயதைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம்.

ஜனவரியில் தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டும் டைம் ட்ரையல் இருந்தால் பெயர் கொடுங்கள். மலையேற்றப் போட்டி இருந்தால் அதற்கும் கொடுங்கள். ஏறும்போது வேகம் குறைவு, விழுந்தாலும் அடி குறைவு. அமெரிக்க சைக்கிள் வீராங்கனை கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் ஓய்விலிருந்து திரும்பி வந்து 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது டைம் ட்ரையலில்தான். மறுநாள் அவருக்கு 43 வயது நிறைந்தது. உங்கள் பிரிவு எந்த வயது வரம்பில் வருகிறது, லைசென்ஸ் வேண்டுமா என்பதை மாநில சைக்கிள் சங்கத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள். முழங்கால் வலி ஆறு வாரத்தில் தணியாவிட்டால், இரவில் வலித்தால், வீங்கினால், ஜனவரி வரை காத்திருக்காமல் நேரில் காட்டுங்கள். ரோடு ரேஸை அதற்கடுத்த சீசனில் வைத்துக்கொள்வோம். அப்போது உங்களுக்கு 49, அதற்கடுத்த வருடம் 50 வயதுப் பிரிவில் நீங்கள்தான் இளையவர்.